நம்ம ஊர் வெயில்லயும் எஞ்சினுக்குக் குளிரும்: ஆயில், வார்ம்-அப், ரெட்லைன்

(பாட்காஸ்ட் எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

திருப்புட்குழியில இருந்து பேசறேன். இன்னைக்கு எபிசோடு முழுக்க ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜுக்கான பதில்தான்.

நம்ம பாட்காஸ்ட்டைத் தொடர்ந்து கேட்கிற ஒரு தம்பி, காஞ்சிபுரம் பக்கம். வீட்டுல தறி இருக்கு. ரெண்டு வருஷம் பணம் சேர்த்து ஒரு பழைய ஹோண்டா சிட்டி விடெக் வாங்கியிருக்கார். 2000-களின் தொடக்கத்துல வந்ததே, 106 குதிரைத்திறன், 1.5 லிட்டர், அந்தக் கார். அதை எடுத்துக்கிட்டு இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு ஒரு டிராக் டேக்குப் போகணும்னு ஆசை. மூணு கேள்வி கேட்டிருக்கார்.

ஒண்ணு: "ப்ரோ, நம்ம ஊர்ல எப்பவும் வெயில்தானே, வார்ம்-அப் எல்லாம் ஐரோப்பாக்காரனுக்குத்தானே?" ரெண்டு: "ஷெட்ல 20டபிள்யூ-50 ஊத்தச் சொல்றாங்க, கெட்டியான ஆயில்தான் நம்ம சூட்டுக்கு நல்லதுன்னு. சரியா?" மூணு: "டிராக்ல ரெட்லைன் வரைக்கும் இழுக்கலாமா, எஞ்சின் தாங்குமா?"

மூணும் தனித்தனிக் கேள்வி மாதிரி தெரியும். ஆனா மூணுக்கும் அடியில ஒரே விஷயம்தான் ஓடுது. அந்த எஞ்சின் போயிடுச்சுன்னா, அதைப் பிரிச்சுக் கட்டுற செலவு அவர் காருக்குக் கொடுத்த விலையில பாதியைத் தாண்டிடும். அதனால பொறுமையா, கணக்கோட பார்ப்போம்.

எண்ணெய் எவ்வளவு கெட்டி?

மார்கழி மாசக் காலையில தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவுத்தா சொட்டாது. அடுப்புப் பக்கத்துல கொஞ்ச நேரம் வச்சா தண்ணியா ஓடும். எண்ணெய்க்குச் சூட்டுல இளகுறது, குளிர்ல இறுகுறது சுபாவம். எஞ்சின் ஆயிலும் அப்படித்தான், ஆனா அது உறையாது. கெட்டித்தன்மை மட்டும் மாறும். அதைத்தான் விஸ்காசிட்டின்னு சொல்றோம். அளக்கிற அலகு சென்டிஸ்டோக்.

டப்பாவுல 5டபிள்யூ-30-ன்னு போட்டிருக்கும். டபிள்யூ-ங்கிறது விண்டர், குளிர்காலம். முதல் எண், கடுங்குளிர்ல அது எவ்வளவு சுலபமா ஓடும்னு சொல்லுது. ரெண்டாவது எண், 100 டிகிரி செல்சியஸ்ல அதோட கெட்டித்தன்மை எந்த வரம்புக்குள்ள இருக்குங்கிறதைச் சொல்லுது. 30-ன்னா 9.3-ல இருந்து 12.5 சென்டிஸ்டோக்குக்குள்ள. 40-ன்னா 12.5-ல இருந்து 16.3. 50-ன்னா 16.3-ல இருந்து 21.9. 60-ன்னா 21.9-ல இருந்து 26.1.

கவனிங்க, அந்த ரெண்டாவது எண் 100 டிகிரிக்கானது. எஞ்சினை வடிவமைக்கிறவங்க ஆயில் அந்தச் சூட்டுக்குப் பக்கத்துல இருக்கும்னு வச்சுக்கிட்டுத்தான் இடைவெளிகளையும் பம்ப்பையும் கணக்குப் போடறாங்க.

அதே 5டபிள்யூ-30 ஆயில் 40 டிகிரியில எவ்வளவு இருக்கும்? ஏறத்தாழ 65-ல இருந்து 70 சென்டிஸ்டோக். அதாவது சூடான நிலையை விட ஆறு மடங்கு கெட்டி. 40 டிகிரிங்கிறது எது? நம்ம அக்னி நட்சத்திர மத்தியானம். தார் ரோடு உருகுற அந்த நேரத்துல கூட, நிறுத்தி வச்ச காருக்குள்ள இருக்கிற ஆயில், அது இருக்க வேண்டிய பதத்தை விட ஆறு மடங்கு கெட்டியா இருக்கு. மார்கழிக் காலை 25 டிகிரின்னா பத்து மடங்குக்கும் மேல போயிடும்.

முதல் கேள்விக்கான பதிலோட பாதி இதுலயே இருக்கு. நமக்குத்தான் அது வெயில். 100 டிகிரியில வேலை செய்யற எஞ்சினுக்கு அது குளிர். ஐரோப்பாக்காரன் மைனஸ் 5-ல ஸ்டார்ட் பண்றான், நாம பிளஸ் 30-ல பண்றோம். நமக்கு வார்ம்-அப் நேரம் குறையும், உண்மை. தேவையே இல்லைன்னு ஆயிடாது.

கெட்டியா இருந்தா என்ன கெடுதல்?

இங்க ஒரு நியாயமான எதிர்க்கேள்வி இருக்கு. எண்ணெய் கெட்டியா இருந்தா, உலோகத்துக்கு நடுவுல படலமும் தடிமனாத்தானே இருக்கும்? அது பாதுகாப்புத்தானே?

ஆமா, பேரிங்குக்குள்ள எண்ணெய் போய்ச் சேர்ந்துட்டா அது உண்மைதான். கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கைத் தொட்டுக்கிட்டுச் சுத்தறது இல்ல. சுத்தற வேகத்துல எண்ணெயை ஆப்பு மாதிரி உள்ள இழுத்து, அந்தப் படலத்து மேல மிதக்குது. ஈர ரோட்டுல வேகமாப் போற டயர் தண்ணி மேல ஏறி மிதக்குமே, அதே தத்துவம். பாரம் அதிகமா இருக்கிற நேரத்துல அந்தப் படலம் ஒரு மைக்ரான் அளவுக்கு வந்துடும். தலைமுடி சுமார் 70 மைக்ரான். அப்ப யோசிச்சுக்கோங்க.

பிரச்சினை நாலு இடத்துல வருது.

முதலாவது, போய்ச் சேர்றது. கெட்டி எண்ணெயை பம்ப் தள்ளும்போது பிரஷர் எக்கச்சக்கமா ஏறும். அதைத் தடுக்க ஒரு ரிலீஃப் வால்வு இருக்கு. அது திறந்து, தள்ளின எண்ணெயில ஒரு பங்கை அப்படியே திருப்பி விட்டுடும். அதனால காலையில பிரஷர் மீட்டர் உச்சத்துல நிக்கும், ஆனா மேல கேம் ஷாஃப்ட்டுக்குப் போற அளவு குறைவா இருக்கும். பிரஷர் இருக்குங்கிறதாலயே ஓட்டமும் இருக்குன்னு அர்த்தம் இல்ல. கொசு மருந்து அடிக்கிற பம்ப்புல முனை அடைச்சுக்கிட்டா கைக்கு நல்லா அழுத்தம் தெரியும், மருந்து வராது. அது மாதிரி.

ரெண்டாவது, ஃபில்டர். கெட்டி எண்ணெய் ஃபில்டர் காகிதத்துக்குள்ள புகுந்து வர முடியலைன்னா, அங்கயும் ஒரு பைபாஸ் வால்வு திறக்கும். வடிகட்டாத எண்ணெய் நேரா பேரிங்குக்குப் போகும். ஆர்பிஎம்மை ஏத்த ஏத்த பம்ப் இன்னும் அதிகமாத் தள்ளும், பைபாஸும் இன்னும் நல்லாத் திறக்கும்.

மூணாவதுதான் பல பேர் யோசிக்காதது: உலோகம் விரியறது. பிஸ்டன் அலுமினியம். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணின உடனே ஆக்சிலரேட்டரை முழுசா அழுத்தினா, பிஸ்டனோட தலை சில நொடிகள்ல சூடேறி விரியும். அதைச் சுத்தி இருக்கிற சிலிண்டருக்கு வெளியில தண்ணி ஓடுது, பிளாக் கனமான உலோகம், அது சூடேற நிமிஷக்கணக்கு ஆகும். உள்ள இருக்கிறது பெருசாகுது, வெளிய இருக்கிறது அப்படியே இருக்கு. நடுவுல இருந்த இடைவெளி சுருங்குது. பிஸ்டன் ஓரம் சிலிண்டரை உரசிக் கோடு கிழிக்கும். ஒரு தடவையில எஞ்சின் போகாது. ஆனா அந்தக் கோடு அழியாது. ஆயில் எரியறது, கம்ப்ரெஷன் குறையறது எல்லாம் அங்க தொடங்கும்.

நாலாவது, வேதியியல். டப்பாவுல இருக்கிறது வெறும் எண்ணெய் இல்ல. பேஸ் ஆயில்னு ஒண்ணு, அது மேல சேர்மானங்கள். நம்ம மணலியில இருக்கிற சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் ரிஃபைனரியில கூட லூப் பேஸ் ஆயில் தயாராகுது. அதுல சேர்க்கிற பொருள்கள்ல முக்கியமானது, துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த ஒரு தேய்மானத் தடுப்பு. கேமும் ராக்கரும் உரசற மாதிரியான இடத்துல அது ஒரு மெல்லிய காப்புப் படலமாப் படியும். அந்தப் படலம் உருவாகச் சூடும் வேணும், அழுத்தமும் வேணும். ஆறின எஞ்சின்ல அது மெதுவாத்தான் வேலை செய்யும்.

இது எதுவும் புது ஞானம் இல்ல. மாட்டு வண்டிக்கு அச்சுல மை போடாம யாரும் வெளியூர் கிளம்ப மாட்டாங்க. வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைச்சுப் பூசுவாங்க. அதே விளக்கெண்ணெய்தான் பந்தயக் கார் எஞ்சினுக்கும் போச்சு. காஸ்ட்ரால்-ங்கிற பேரே 'காஸ்டர் ஆயில்', அதாவது ஆமணக்கு எண்ணெயில இருந்து வந்தது. சார்லஸ் வேக்ஃபீல்டு 1899-ல தொடங்கின கம்பெனி, 1909-ல ஆமணக்கு எண்ணெய் சேர்த்த ஆயிலுக்கு வச்ச பேர் அது. உலோகத்தை விடாமப் பிடிச்சுக்கிற குணம் ஆமணக்குக்கு உண்டு. முதல் உலகப் போர் விமான எஞ்சின்கள்லயும் அதைத்தான் ஊத்தினாங்க.

ரெட்லைன்ல உள்ள என்ன நடக்குது?

மூணாவது கேள்வியை இப்பவே எடுத்துடறேன், ஏன்னா ரெண்டாவதுக்கு இது தேவைப்படும்.

ஒரு சின்னக் கணக்கு. ஸ்ட்ரோக் 84 மில்லிமீட்டர் இருக்கிற ஒரு எஞ்சினை எடுத்துக்குவோம். 7,000 ஆர்பிஎம். ஒவ்வொரு சுத்துக்கும் பிஸ்டன் ஒரு தடவை மேல, ஒரு தடவை கீழ. சராசரி வேகம் நொடிக்கு 19.6 மீட்டர், அதாவது மணிக்கு 70 கிலோமீட்டர். இது பெரிய வேகம் இல்லைன்னு தோணும். ஆனா இந்த வேகத்துக்குப் போய், நின்னு, திரும்பி வர்றது நொடிக்கு 200 தடவைக்கும் மேல. மேல் முனையில அது நின்னு திரும்பற இடத்துல முடுக்கம், புவியீர்ப்பு மாதிரி சுமார் 3,000 மடங்கு. பிஸ்டனும் பின்னும் ரிங்கும் சேர்ந்து அரை கிலோன்னு வச்சுக்கிட்டா, கனெக்டிங் ராடை இழுக்கிற விசை ஒன்றரை டன். அரை கிலோப் பொருள், ஒரு கார் எடைக்கு மேல இழுக்குது.

இந்த விசை ஆர்பிஎம்மோட வர்க்கத்துல ஏறும். 3,500-ல இதுல கால் பங்குதான், சுமார் 375 கிலோ. அதனாலதான் 3,000-க்குள்ள ஓட்டறதுக்கும் 7,000-ல ஓட்டறதுக்கும் இருக்கிற வித்தியாசம் ரெண்டு மடங்கு இல்ல, அஞ்சு மடங்குக்கும் மேல. ஆறின எஞ்சின்ல மெதுவா ஓட்டுங்கன்னு சொல்றது பாட்டி சொல்ற பத்தியம் இல்ல, வர்க்கக் கணக்கு.

இதுக்கு உலகப் பிரசித்தமான உதாரணம் ஒண்ணு இருக்கு. பிஎம்டபிள்யூ எம்3, இ46 தலைமுறை. 2000-ல வந்தது. எஸ்54-ங்கிற எஞ்சின், 3.2 லிட்டர், ஆறு சிலிண்டர், 343 குதிரைத்திறன், 8,000 ஆர்பிஎம் வரைக்கும் போகும். ஸ்ட்ரோக் 91 மில்லிமீட்டர். அவ்வளவு நீள ஸ்ட்ரோக்கோட 8,000-ன்னா சராசரி பிஸ்டன் வேகமே நொடிக்கு 24 மீட்டரைத் தாண்டும். அதோட டாக்கோமீட்டர்ல ஒரு அழகான வேலை பண்ணியிருந்தாங்க. ஆயில் ஆறி இருக்கும்போது மேல் ஆர்பிஎம் பகுதியில வரிசையா மஞ்சள் விளக்குகள் எரியும். ஆயில் சூடேற ஏற ஒவ்வொண்ணா அணையும். எல்லாம் அணைஞ்சாத்தான் 8,000 உங்களுக்கு. 1998-ல வந்த எம்5-லயே இந்த ஏற்பாடு இருந்தது.

அந்த எஞ்சின்லயே, ஆரம்ப வருஷங்கள்ல வந்த கார்கள்ல கனெக்டிங் ராட் பேரிங் பழுதாச்சு. கம்பெனியே கார்களைத் திரும்பக் கூப்பிட்டு பேரிங் மாத்திக் கொடுத்தது. ஆயிலையும் 10டபிள்யூ-60-ன்னு கெட்டியானதா நிர்ணயம் பண்ணாங்க. அந்த 60 எண் ஆயில் 40 டிகிரியில 150 சென்டிஸ்டோக்குக்கும் மேல. அதனால அந்தக் காருக்கு வார்ம்-அப் இன்னும் முக்கியம். அந்த மாடல் 2006-ல முடிஞ்சது; பிஎம்டபிள்யூ-வோட சென்னை ஆலை 2007-லதான் தொடங்கிச்சு. அதனால நம்ம ரோட்டுல அதைப் பார்க்கிறது அபூர்வம். ஆனா பாடம் எல்லாருக்கும் பொது.

ஃபார்முலா ஒன்ல இது இன்னும் உச்சம். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல ஜோர்டன் அணிக்கு ஓட்டினாரே, அந்த மாதிரி கார்கள்ல இடைவெளிகள் அவ்வளவு இறுக்கம். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே வெளியில இருந்து சூடான திரவத்தை எஞ்சினுக்குள்ள சுத்த விட்டு, உடம்பைச் சூடாக்கின பிறகுதான் உயிர் கொடுப்பாங்க.

நம்ம தம்பியோட விடெக்லயும் இது இருக்கு. விடெக்-ங்கிறது என்ன? குறிப்பிட்ட ஆர்பிஎம்முக்கு மேல வால்வு இன்னும் உயரமாத் திறக்கிறதுக்காக, ராக்கர் ஆர்ம்களை ஒரு பின் வந்து பூட்டும். அந்தப் பின்னைத் தள்றது எது? ஆயில் பிரஷர். எண்ணெய் அங்க மசகு மட்டும் இல்ல, வேலைக்காரனும் கூட. அதனாலதான் எஞ்சின் ஆறி இருந்தா கம்ப்யூட்டர் விடெக்கைத் திறக்கவே விடாது. ஹோண்டா இஞ்சினியர்களே "இன்னும் இல்ல, பொறு"-ன்னு புரோகிராம்ல எழுதி வச்சிருக்காங்க. நான் சாஃப்ட்வேர் ஆள். ஒருத்தர் மெனக்கெட்டு ஒரு 'இஃப்' கண்டிஷன் போட்டிருந்தா, அதுக்குப் பின்னாடி யாரோ உடைச்ச எஞ்சின் ஒண்ணு இருக்கும்னு நம்புவேன்.

ஆக, ரெட்லைன் வரைக்கும் இழுக்கலாமா? சூடான எஞ்சின்ல, சரியான அளவு ஆயிலோட, தாராளமா. அது அதுக்காகத்தான் கட்டினது. 7,000-ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆறின 4,000-ஐப் பார்த்துப் பயப்படுங்க.

ஷெட்ல சொன்னது சரியா?

இப்ப 20டபிள்யூ-50. மெக்கானிக் அண்ணனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. அம்பாசிடர், பத்மினி காலத்துல இருந்து வந்த அனுபவம் அது. தேய்ஞ்ச எஞ்சின்ல கெட்டி ஆயில் ஊத்தினா சத்தம் குறையும், புகை குறையும், பிரஷர் லைட் அணையும். அவர் கண்ணால பார்த்தது. ஆனா அது மருந்து இல்ல, வலி மாத்திரை. தேய்மானம் அங்கயேதான் இருக்கும்.

நல்ல நிலையில இருக்கிற விடெக் எஞ்சினுக்கு, இடைவெளிகள் இறுக்கம், எண்ணெய் போற துளைகள் சின்னது. கெட்டி ஆயில் மேல போய்ச் சேர நேரம் எடுக்கும். பம்ப்புக்கும் அதிக வேலை, மைலேஜும் குறையும். 0டபிள்யூ-20-க்கு வடிவமைச்ச இன்னைய எஞ்சின்ல 20டபிள்யூ-50 ஊத்தறது இன்னும் மோசம்.

அப்ப எம்3-க்கு மட்டும் 10டபிள்யூ-60 எப்படிச் சரி? அதைத் தீர்மானம் பண்ணது அந்த எஞ்சினைக் கட்டினவங்க. சோதிச்சுப் பார்த்துச் சொன்னது. கெட்டி நல்லதா, இளக்கம் நல்லதான்னு பொதுவாக் கேட்டா பதிலே கிடையாது. இந்த எஞ்சினுக்கு, இந்தச் சூட்டுல, எதுங்கிறதுதான் கேள்வி. ஓனர்ஸ் மேனுவல்ல பெரும்பாலும் ஒரு வெப்பநிலை அட்டவணை இருக்கும். எந்த வெப்பத்துக்கு எந்த கிரேடுன்னு ஒரு வரம்பு கொடுத்திருப்பாங்க. டிராக்குக்குப் போறதா இருந்தா, அந்த வரம்புக்குள்ளயே கெட்டியான பக்கத்தைத் தேர்ந்தெடுங்க. வரம்பைத் தாண்ட வேண்டாம்.

ஏன் கெட்டியான பக்கம்? டிராக்ல ஆயில் 100-ல நிக்காது. 120, 130-ன்னு ஏறும். அங்க இதே கதை தலைகீழா மாறும். எண்ணெய் தண்ணியாகி, அந்த ஒரு மைக்ரான் படலம் கிழியும். குளிர்ல கொடுக்கிற அதே மரியாதையைச் சூட்டுக்கும் கொடுக்கணும்.

இன்னொண்ணு: போலி ஆயில். பில்லோட, நம்பிக்கையான கடையில வாங்குங்க. ஆயில் மாத்தின பிறகு காலி டப்பாவை அப்படியே விட்டுட்டு வராதீங்க. மூடியையும் ஸ்டிக்கரையும் கெடுத்து, டப்பாவுல ஓட்டை போட்டுட்டு வாங்க. நல்ல காலி டப்பாதான் போலி ஆயில்காரனுக்கு முதலீடு.

இருங்காட்டுக்கோட்டை நாள்

சென்னையில கார் பந்தயத்துக்கு நீண்ட கதை உண்டு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல தொடங்கினது. இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்துல, சோழவரத்துலதான் ரொம்ப வருஷம் பந்தயம் நடந்தது. அப்புறம்தான் இருங்காட்டுக்கோட்டை. நம்ம திருப்புட்குழி ஓரமாப் போற அதே பெங்களூர் நெடுஞ்சாலையில, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி. ஒரு சுத்து சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவு.

வீட்டுல இருந்து கிளம்பும்போது: ஸ்டார்ட் பண்ணி, பெல்ட் போட்டு, கண்ணாடி சரி பண்ற அந்த அரை நிமிஷம் போதும். பத்து நிமிஷம் நிக்க வச்சே ஐடில்ல ஓட விடாதீங்க. ஐடில்ல எஞ்சின் மெதுவாத்தான் சூடேறும், ஆறின எஞ்சின்ல கூடுதலாத் தெளிக்கிற பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியா வழிஞ்சு ஆயில்ல கலக்கும். கிளம்பிடுங்க. ஆனா ஊருக்குள்ள இருந்து நெடுஞ்சாலை ஏறின உடனே லாரியை முந்தறேன்னு மிதிக்காதீங்க. நம்ம ஊர்க்காரங்களுக்கு இதுதான் பெரிய ஆபத்து. வீட்டு வாசல்ல இருந்து 100 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் ரெண்டு, மூணு நிமிஷம்தான். 3,000-க்குள்ள, பாதி மிதிக்குள்ள. அதுக்காக அஞ்சாவது கியர்ல திணறவும் விடாதீங்க, அதுவும் பேரிங்குக்கு அடி.

டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்தா ஆயிலும் சூடாயிடுச்சுன்னு நினைக்காதீங்க. அது தண்ணியோட சூடு. ஆயில் பின்னாலதான் வரும். முள் நடுவுக்கு வர அஞ்சு நிமிஷம் ஆச்சுன்னா, இன்னொரு அஞ்சு, பத்து நிமிஷம் கொடுங்க.

டிராக்குக்குப் போய்ச் சேர்ந்ததும் பதிவு, ஹெல்மெட் சோதனை, பாதுகாப்பு விளக்கம்னு ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள ஆயில் ஆறிடும். "வழியெல்லாம் ஓட்டிட்டுத்தானே வந்தேன்"-னு நேரா உள்ள போய் மிதிக்கிறவங்கதான் அதிகம். சாதாரண காருக்கு ஒரு சுத்து ரெண்டு நிமிஷத்துக்கு மேல. ஆறின ஆயிலுக்கு ஒரு சுத்து பத்தாது. உங்க முறை வர்றதுக்கு முன்னாடி பேடக் பக்கம் மெதுவா ஓட்டுங்க, அப்புறம் முதல் ரெண்டு சுத்தையும் எஞ்சினுக்குக் கொடுத்துடுங்க. டயர், பிரேக், கியர்பாக்ஸ் எல்லாத்துக்கும் அந்த ரெண்டு சுத்து தேவை. ஆயில் டெம்பரேச்சர் மீட்டர் பொருத்தியிருந்தா 80-ஐத் தாண்டின பிறகு மேல போங்க. 130-ஐத் தொட்டா ஒரு சுத்து மெதுவா.

ஆயில் அளவு ரொம்ப முக்கியம். சமதளத்துல நிறுத்தி, டிப்ஸ்டிக்ல மேல் கோட்டுக்குப் பக்கத்துல இருக்கணும், தாண்டவும் கூடாது. ஏன்? தட்டுல ரசத்தை ஊத்திச் சட்டுனு பக்கவாட்டுல இழுத்தா ஒரு ஓரமா ஏறும் பாருங்க. நல்ல டயரோட ஒரு வளைவுல புவியீர்ப்புக்குச் சமமான பக்கவிசை வந்தா, சம்ப்புக்குள்ள எண்ணெய் 45 டிகிரி சாஞ்சு நிக்கும். பம்ப் உறிஞ்சற குழாய் வாய் வெளியில தெரிஞ்சுதுன்னா, எண்ணெய்க்குப் பதிலா காத்தைக் குடிக்கும். 6,000 ஆர்பிஎம்ல ஒரு நொடிக்கு பேரிங் 100 சுத்து சுத்துது. ஒரு நொடி காத்து போதும். போர்ஷே ஜிடி3 மாதிரி கார்கள்ல எண்ணெயைத் தனித் தொட்டியில வைக்கிற டிரை சம்ப் முறை இருக்கிறது இதுக்காகத்தான். 2025 ஜனவரியில துபாய் 24 மணி நேரப் பந்தயத்துல அஜித் குமாரோட அணி தன் பிரிவுல மூணாவது வந்ததைக் கொண்டாடினோம். 24 மணி நேரம் ஒரு போர்ஷே தாக்குப் பிடிக்கிறதுக்குப் பின்னாடி அந்தத் தொட்டியும் உழைக்குது. நம்ம சிட்டியில அது இல்ல. வளைவுல ஆயில் லைட் ஒரு தடவை மினுக்கினாலும் மிதியை விடுங்க, உள்ள வந்துடுங்க. "அடுத்த சுத்துல பார்த்துக்கலாம்" வேண்டாம்.

கடைசிச் சுத்து மெதுவா. பிட்டுக்கு வந்ததும் சாவியைத் திருப்பிடாம, கொஞ்ச நேரம் ஓட விடுங்க. டர்போ காரா இருந்தா இது இன்னும் முக்கியம். டர்போ பேரிங்ல நிக்கிற எண்ணெய் சூட்டுல கருகிக் கரியாயிடும்.

டிராக்குக்கே போகாதவங்களுக்கு

"நான் ரெட்லைனைப் பார்த்ததே இல்ல, பாலுசெட்டி சத்திரம் வரைக்கும் போய்ப் பால் வாங்கிட்டு வருவேன்"-ங்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த ரெண்டு, மூணு கிலோமீட்டர் ஓட்டம் எஞ்சினுக்குச் சுகம் இல்ல. ஆயில் நல்லாச் சூடேறாததால, எரியும்போது உண்டாகிற நீராவி உள்ளயே தண்ணியாத் தங்கிடும், பெட்ரோலும் கலந்திருக்கும். ஆயில் மூடிக்கு அடியில வெள்ளையா தயிர் மாதிரி படிஞ்சிருந்தா இதுதான் காரணமா இருக்கலாம். வாரத்துல ஒரு நாளாவது அரை மணி நேரத்துக்குக் குறையாம ஓட்டுங்க, சூடேறின பிறகு கொஞ்சம் மேல் ஆர்பிஎம்மும் காட்டுங்க. கிலோமீட்டர் ஆகலைன்னாலும் வருஷம் ஒரு தடவை ஆயில் மாத்துங்க.

தம்பிக்குச் சுருக்கமா: வெயில் போதாது, பத்துப் பதினைஞ்சு நிமிஷம் பொறுங்க. மேனுவல் சொல்ற கிரேடை ஊத்துங்க. எல்லாம் சரியா இருந்தா 7,000 வரைக்கும் அந்தச் சத்தத்தைக் கேளுங்க, அதுக்காகத்தானே ரெண்டு வருஷம் சேர்த்தீங்க. கிளம்பற அன்னைக்குக் காலையில டிப்ஸ்டிக்கைப் பார்த்துட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க.

அடுத்த எபிசோடு டயர் பத்தி. பழைய டயரோட டிராக்குக்குப் போகலாமான்னு ஏற்கனவே நாலு பேர் கேட்டுட்டாங்க. உங்க கேள்விகளையும் அனுப்புங்க.